சுரைக்குடுக்கை காயவைப்பது எப்படி? எனக்கு இரண்டு முறை அழுகிவிட்டது

மாடித்தோட்டக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். என் அம்மாச்சி மணப்பாறைப் பக்கம். பீர்க்கு, புடலை, பூசணி விதைகளை அடுப்புச் சாம்பலில் புரட்டி ஒரு சுரைக்குடுக்கைக்குள் போட்டு, வாயைச் சாணி வைத்து மெழுகி, அடுப்படியில் உறிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருப்பார். புகை பட்டுப் பட்டு அது கறுத்துப் போய் எண்ணெய் தடவியது மாதிரி பளபளப்பாக இருக்கும். அம்மாச்சி போய்ப் பல வருடம் ஆகிறது. குடுக்கை மட்டும் எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தது. போன வருடம் வெள்ளையடிப்பதற்காகச் சாமான்களை இறக்கும்போது என் கையிலிருந்தே நழுவி விழுந்து உடைந்துவிட்டது. அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை, சில்லுகளைப் பொறுக்கி ஒரு பையில் போட்டு எடுத்து வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

சரி, நாமே ஒன்று செய்து கொடுத்துவிடலாம் என்று ஆடியில் விதை போட்டேன். மாடியில் பந்தல் கட்டி கொடி நன்றாகவே வந்தது, ஐப்பசியில் ஏழெட்டுக் காய். யூடியூபில் 'கலபாஷ் கிண்ணம்' என்று ஒரு வீடியோ பார்த்தேன். ஒருவர் பச்சைக் காயை ரம்பத்தால் இரண்டாக அறுத்து, சதையைக் கரண்டியால் வழித்தெடுத்து, ஓட்டைக் கொதிக்க வைத்து வெயிலில் காயப் போடுகிறார், மரக்கிண்ணம் மாதிரி கெட்டியாகிவிடுகிறது. அதே மாதிரி நானும் செய்தேன். மூன்றாம் நாள் அப்பளம் மாதிரி சுருண்டு போய் நாறியது. அடுத்து இரண்டு காயை அறுக்காமல் முழுசாகப் பறித்து மாடிப்படிக்குக் கீழே வைத்தேன், பத்து நாளில் கறுப்பும் வெள்ளையுமாகப் பூஞ்சை பிடித்துவிட்டது, குப்பையில் போட்டேன்.

எங்கே தப்பு செய்கிறேன்? விதை ரகமா, காயவைக்கும் முறையா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கிணத்துமேடு:

தம்பி, ஒரு தப்பு இல்லை, மூன்று தப்பு. கோவித்துக்கொள்ளாமல் கேளுங்கள்.

முதலாவது, நீங்கள் பறித்தது கறிக்கு ஆகிற பதத்துக் காய். குடுக்கைக்கு வேண்டியது பொரியல் செய்ய முடியாத காய். பூ விழுந்து பத்துப் பதினைந்து நாளில் பறித்தால் கறி, ஐம்பது அறுபது நாளாவது கொடியிலேயே விட்டால்தான் ஓடு கட்டும். நகத்தால் கீறிப் பாருங்கள், நகம் இறங்கினால் இன்னும் ஆகவில்லை. காம்பு பச்சை போய்க் காய்ந்து பழுப்பாகி, காயின் மேல் பச்சையும் வெளுத்து வைக்கோல் நிறத்துக்கு வர ஆரம்பித்த பிறகு, காம்போடு இரண்டு விரல் அளவு விட்டு அறுக்க வேண்டும். காம்பைப் பிடுங்கினால் அந்த ஓட்டை வழியாகத்தான் முதலில் அழுகும். இன்னொன்று, ஒரு கொடிக்கு மூன்று நான்கு காய்க்கு மேல் முற்ற விடாதீர்கள், மற்றதைப் பிஞ்சிலேயே பறித்துக் குழம்பு வையுங்கள்.

இரண்டாவது, பட்டம், அதாவது விதைக்கிற பருவம். ஆடியில் போட்டால் காய் முற்றுகிற நேரத்தில் ஐப்பசி, கார்த்திகை மழை வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த ஈரத்தில் என்ன செய்தாலும் காயாது. கறிக்கு ஆடிப்பட்டம் சரி, குடுக்கைக்குத் தைப்பட்டம்தான். தையில் ஊன்றினால் பங்குனியில் காய் பிடித்து, கத்திரி வெயிலில் ஓடு இறுகி, அப்புறம் நிழலில் தொங்கவிட்டால் ஆவணிக்குள் காய்ந்திருக்கும்.

மூன்றாவது, அந்தப் பூஞ்சை. அதைப் பார்த்துப் பயந்து தூக்கிப் போட்டீர்களே, அங்கேதான் போச்சு. சுரைக்காய் காயும்போது உள்ளே இருக்கிற தண்ணியெல்லாம் தோல் வழியாக வெளியே வந்தாக வேண்டும், அப்போது மேலே பூஞ்சை பிடிக்கத்தான் செய்யும். அமுக்கிப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் துணியால் துடைத்துவிட்டு விட்டுவிடுங்கள். மெத்தென்று அமுங்கினால் மட்டும் தூக்கிப் போடுங்கள். நல்ல வெயிலில் நேராகப் போடாதீர்கள், வெடிக்கும். காற்றோட்டமான நிழல், தரையில் படாமல் கயிற்றில் தொங்க வேண்டும், வாரம் ஒரு தரம் பார்க்க வேண்டும். தூக்கினால் காலி டப்பா மாதிரி எடையே இல்லாமல், ஆட்டினால் விதை கடகடவென்று உருள வேண்டும். அதுவரைக்கும் கத்தி வைக்காதீர்கள்.

எங்கள் பக்கம் குடுக்கை என்று சொல்ல மாட்டோம், சொரப்புருடை என்போம். நாங்களெல்லாம் நீச்சல் பழகியதே அதைக் கட்டித்தான். ரெண்டு புருடையைக் கயிற்றில் கோத்து முதுகுப் பக்கம் வருகிற மாதிரி இடுப்பில் கட்டி, கிணற்றுப் படியிலிருந்து எங்கள் மாமன் தள்ளிவிடுவார். நாலு நாளைக்கு ரெண்டு புருடை, அப்புறம் ஒன்று, அப்புறம் ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாத நாளை மட்டும் முன்கூட்டிச் சொல்லவே மாட்டார்.

பெயர்_வேண்டாம்77:

இதற்கு இவ்வளவு பாடா? பத்து ரூபாய்க்கு பிளாஸ்டிக் டப்பா கிடைக்கிறது. விதை போட்டு வைக்க வேண்டியதுதானே.

கிணத்துமேடு:

கிடைக்கிறதுங்க. சரியாகக் காயாத விதையை மூடி இறுக்கிப் போட்டால் ரெண்டு மாதத்தில் டப்பா உள்பக்கம் வேர்த்துப் பூசணம் பிடிப்பதும் அதிலேதான் நடக்கிறது. தம்பி கேட்டது அவர் அம்மாவுக்கு.

செடிப்பைத்தியம்:

கிணத்துமேடு அண்ணன் சொன்னதெல்லாம் சரி. அந்த வீடியோ சங்கதியை மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் நானும் இதில் ஏமாந்தவள்.

ஆங்கிலத்தில் கலபாஷ் என்ற ஒரே பெயரை இரண்டு வேறு செடிகளுக்குச் சொல்கிறார்கள். ஒன்று நம் சுரைக்கொடி, லாஜினேரியா சிசெராரியா, பூசணி வெள்ளரிக் குடும்பம். இன்னொன்று கிரெசென்ஷியா குஜெடே என்கிற மரம், அமெரிக்காவின் வெப்பப் பகுதிகளைச் சேர்ந்தது. கரீபியன் தீவுகளில் அதன் காயில்தான் கிண்ணம் செய்வார்கள். செயின்ட் லூசியாவுக்கு அதுதான் தேசிய மரம். அந்தக் காய் பச்சையாக இருக்கும்போதே ஓடு மரம் மாதிரி கெட்டி, அதனால் அறுத்து, சதையை வழித்து, கொதிக்க வைத்துக் காயப் போட்டால் சரியாக வரும். நீங்கள் பார்த்தது கண்டிப்பாக அதுதான். சுரைக்காய்க்குப் பச்சையில் ஓடே கிடையாது, முற்றிக் காய்ந்த பிறகுதான் வரும்.

அந்த மரம் நம் ஊரிலும் இருக்கிறது. பூங்காக்களிலும் சில கோயில் தோட்டங்களிலும் பார்க்கலாம், தண்டிலும் தடித்த கிளையிலுமே பச்சைப் பந்து மாதிரி காய் ஒட்டிக்கொண்டிருக்கும். திருவோட்டு மரம் என்று பெயர் வைத்துவிட்டார்கள், கீழே நின்று ஃபோட்டோ எடுத்து 'சித்தர்கள் பிச்சை எடுத்த ஓடு' என்று வாட்ஸப்பில் சுற்றவிடுகிறார்கள். துறவிகள் கையில் வைத்திருக்கும் அந்தக் கறுத்த படகு வடிவக் கப்பரை பெரும்பாலும் கடல் தேங்காய் ஓடு, சீஷெல்ஸ் தீவில் மட்டும் விளைகிற பனையின் கொட்டை. ஓடு எதுவானாலும் திருவோடுதான், ஆனால் மூன்றும் மூன்று செடி.

மாடித்தோட்டக்காரன்:

அடக் கடவுளே. வேறொரு மரத்துக் காயின் செய்முறையைச் சுரைக்காய் மேல் நடத்தியிருக்கிறேன்! நன்றி அக்கா, நன்றி அண்ணா. தைக்கு விதை ஊன்றுகிறேன். என்னிடம் இருப்பது கடையில் வாங்கிய நீளச் சுரை ஹைபிரிட். அது ஆகுமா? அப்புறம், வாய் எப்படித் திறப்பது?

பனங்காட்டான்:

ஹைபிரிட் நீளச் சுரை வேண்டாம் தம்பி, ஓடு மெலிசாகத்தான் வரும். குடுவைச் சுரை, கும்பச் சுரை என்று நாட்டு விதை வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள், விதைத் திருவிழாக்களில் கிடைக்கிறது. கழுத்து சிறுத்து வயிறு பெருத்திருக்க வேண்டும்.

எங்கள் அப்பா பனையேறி, திருச்செந்தூர்ப் பக்கம். பாளையில் கட்டியிருப்பது மண் கலயம், ஆனால் ஏறும்போது இடுப்பில் தொங்குவது சுரைக்குடுவை. மேலே போய்க் கலயத்தில் ஊறியிருக்கிற பதநீரைக் குடுவைக்குள் ஊற்றிக்கொண்டு இறங்குவார். ஏன் சுரை என்றால், மரத்தைக் கட்டிப்பிடித்து ஏறும்போது இடுப்பில் இருப்பது இருபது தடவையாவது மரத்தில் மோதும். மண்பானை உடையும், பித்தளை என்றால் கனம். வெறும் குடுவை இருப்பதே தெரியாது. ஒரு நாளைக்கு ஒருவர் முப்பது நாற்பது மரம் ஏறி இறங்குகிறார், அதுவும் காலையும் மாலையும் என்றால் அரைக் கிலோ எடைகூட முழங்காலுக்குத் தெரியும். இப்போது எல்லோரும் பிளாஸ்டிக் கேனுக்கு மாறிவிட்டார்கள். எடை இல்லை, உடையவும் உடையாது, குறை சொல்ல முடியாது. எங்கள் வீட்டிலும் கடைசிக் குடுவை கோழி முட்டை போட்டு வைக்கத்தான் ஆனது.

வாய் திறக்க: முழுக்கக் காய்ந்த பிறகு பென்சிலால் வட்டம் போட்டு, இரும்பறுக்கும் ரம்ப அலகால் மெதுவாக அறுங்கள். கத்தியால் குத்தினால் கீறல் ஓடிவிடும். உள்ளே பஞ்சு மாதிரி காய்ந்த சதையும் விதையும் இருக்கும், வளைத்த கம்பியால் சுரண்டிக் கொட்டிவிட்டு, கூழாங்கல்லும் தண்ணீரும் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். மூக்கில் துணி கட்டிக்கொண்டு செய்யுங்கள், அந்தத் தூசி தொண்டையில் போனால் அன்று முழுக்க இருமல்தான்.

விதை போட மட்டும் என்றால் இதோடு போதும். தண்ணீர், மோர் ஊற்றுவதாக இருந்தால் இன்னும் வேலை இருக்கிறது. கொதிநீர் ஊற்றி ஒரு நாள் வைத்து, கொட்டி, மறுபடி ஊற்றி, கசப்பு போகிறவரை இதையே செய்ய வேண்டும். கடைசித் தண்ணீரை நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள், கசந்தால் துப்பிவிடுங்கள்.

செடிப்பைத்தியம்:

கசப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது சும்மா ருசிக் கோளாறு இல்லை, குக்கர்பிட்டசின் என்கிற நச்சு. பேய்ச்சுரையில் நிறைய இருக்கும், நல்ல சுரையிலும் சில சமயம் வந்துவிடும். சமைத்தாலும் போகாது. கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து ரத்த வாந்தி எடுத்தவர்கள் உண்டு, உயிர் போனதும் உண்டு, ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) அமைத்த நிபுணர் குழுவே 'கசந்தால் குடிக்காதீர்கள்' என்று சொல்லியிருக்கிறது. மூலிகைச் சாறு என்று கண்ணை மூடிக்கொண்டு விழுங்குகிறவர்கள் கவனிக்கவும். குடுக்கைக்கு மட்டும் என்றால் பேய்ச்சுரை நல்லதுதான், ஓடு கெட்டி, ஆடு மாடுகூட வாய் வைக்காது.

தந்தி_மெட்டு:

நான் தோட்டக்காரன் இல்லை, வீணை கற்றுக்கொள்கிறவன். இந்தத் திரியைப் பார்த்ததும் சும்மா போக முடியவில்லை.

தஞ்சாவூர் வீணையில் குடமும், தண்டி என்கிற நீளக் கழுத்தும் பலாமரம். ஆனால் யாளி முகத்துக்குப் பக்கத்தில் தண்டிக்குக் கீழே ஒரு குட்டிக் குடம் தொங்குமே, அது பழைய வீணைகளில் அசல் சுரைக்குடுக்கை. வாசிக்கும்போது இடது தொடை மேல் உட்காருவது அதுதான். திருகிக் கழற்றி மாட்டலாம். இப்போது காகிதக் கூழ், ஃபைபர் என்று வந்துவிட்டது, என்னுடையதும் காகிதக் கூழ்தான். வடக்கே ருத்ர வீணையில் தண்டின் இரண்டு பக்கமும் பெரிய சுரை. சிதார், வடக்கத்தித் தம்புராவின் அடிக்குடமும் சுரைதான், மகாராஷ்டிரத்தில் பண்டரிபுரம் பக்கத்து வயல்களில் இதற்கென்றே விளைவித்து, வாத்தியம் செய்கிற ஊரான மிரஜுக்குக் கொண்டுபோகிறார்கள். மிரஜ் சிதாருக்கும் தம்புராவுக்கும் 2024இல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது.

மகுடியை மறந்துவிட்டீர்களே. ஊதுகிறவர் மூச்சு முதலில் போய்ச் சேருவது சுரைக்குடுக்கைக்குள். அதன் கீழே இரண்டு குழல், ஒன்றில் சுருதி நின்று ஒலிக்கும், இன்னொன்றில் விரல் வைத்து வாசிப்பார்கள், மெழுகு வைத்து ஒட்டியிருக்கும். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு பாம்பை வைத்துப் பிழைக்க முடியாது என்று ஆனதும் மகுடி செய்கிறவர்களும் குறைந்துவிட்டார்கள்.

எல்டோரெட்_கதிர்:

நான் கென்யாவில் எல்டோரெட்டில் வேலை பார்க்கிறேன். இங்கே கலெஞ்சின் மக்கள் வீடுகளில் சுரைக்குடுக்கை இன்னும் அடுப்படிச் சாமான்தான், காட்சிப் பொருள் இல்லை. பாலைக் காய்ச்சி ஆறவைத்துக் குடுக்கைக்குள் ஊற்றி நாள்கணக்கில் புளிக்க வைப்பார்கள், முர்சிக் என்று பெயர். ஊற்றுவதற்கு முன்னால் ஒரு செடியின் குச்சியைக் கொளுத்தி, கங்கோடு உள்ளே விட்டு, கரியைச் சுவரெல்லாம் படியும்படி தேய்ப்பார்கள். அந்தச் செடி நம் ஆவாரைக்குச் சொந்தக்காரி, செனெட்வெட் என்கிறார்கள். கரி பட்டதும் பால் சாம்பல் கலந்த நீல நிறத்துக்கு வந்துவிடும். முதல் தடவை பார்த்தபோது கெட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்தேன். ருசி, நம் புளித்த தயிரில் லேசாகப் புகை வாசம் ஏற்றின மாதிரி. ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்துத் திரும்புகிற வீரர்களுக்கு விமான நிலையத்திலேயே முர்சிக் ஊட்டுவார்கள், குடுக்கையோடு அம்மாமார் வரிசையில் நிற்பார்கள்.

நண்பர் அம்மாச்சியின் குடுக்கை அடுப்புப் புகையில் கறுத்திருந்தது என்று எழுதினாரே, அதைப் படித்ததும் இது ஞாபகம் வந்தது. அது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். புகையும் கரியும் பட்டால் வண்டு அண்டாது.

நூற்பா:

சுரை மிதப்பதைப் பற்றி ஒரு பழைய சங்கதி. இலக்கண உரைகளில், சொற்களை இடம் மாற்றிப் பொருள் கொள்கிற மொழிமாற்றுப் பொருள்கோளுக்கு 'சுரையாழ அம்மி மிதப்ப' என்ற பாட்டைக் காட்டுவார்கள். கேட்டதும் 'இதென்ன உளறல்' என்று தோன்ற வேண்டும், அதற்காகவே இந்த இரண்டு பொருளைப் பிடித்திருக்கிறார்கள். அம்மி ஆழ, சுரை மிதப்ப என்று மாற்றிப் படிக்க வேண்டும். அடுத்த வரியில் யானைக்கு நீந்துகிற ஆழம், முயலுக்குக் கால் ஊன்றுகிற நிலை என்று அதையும் மாற்றித்தான் வைத்திருப்பார்கள். பாட்டைக் கேட்ட பையன்களில் பாதிப்பேர் கிணத்துமேடு அண்ணன் மாதிரி புருடை கட்டி நீந்தினவர்களாக இருந்திருப்பார்கள், விளக்கமே தேவைப்பட்டிருக்காது.

மிதப்பதில் இன்னொன்றும் உண்டு. சுரை ஆப்பிரிக்காவில் பிறந்த செடி, ஆனால் அமெரிக்கக் கண்டத்தில் சுமார் 10,000 வருடத்துக்கு முன்பே மக்கள் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். கொலம்பஸுக்கு எவ்வளவோ முன்னால். யார் கொண்டுபோனார்கள் என்று ரொம்ப நாள் சண்டை. ஆசியாவிலிருந்து போன மனிதர்கள் கையோடு எடுத்துப் போனார்கள் என்று 2005இல் ஒரு ஆய்வு சொன்னது. 2014இல் பழைய ஓடுகளின் மரபணுவை இன்னும் விரிவாகப் பார்த்தவர்கள், இது ஆப்பிரிக்கச் சுரைக்குத்தான் நெருக்கம், அட்லாண்டிக் கடலில் தானாகவே மிதந்து போய்க் கரை ஒதுங்கியிருக்கும் என்றார்கள். ஏழு மாதத்துக்கு மேல் உப்புத்தண்ணீரில் மிதக்கவிட்ட காயின் விதைகூட முளைத்திருக்கிறது.

பெயர்_வேண்டாம்77:

சரி சரி, டப்பா பேச்சை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

மாடித்தோட்டக்காரன் (எட்டு மாதம் கழித்து):

திரியை மறுபடி மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். நடந்ததைச் சொல்லாமல் விட்டால் நன்றாக இருக்காது.

ஒரு விதைத் திருவிழாவில் கும்பச் சுரை என்று சொல்லிக் கொடுத்தார்கள், தையில் ஊன்றினேன். சுரைப்பூ சாயங்காலம்தான் விரிகிறது, மாடியில் அந்த நேரத்துக்குத் தேனீ வராது என்பதால் நானே ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் ஒற்றிவிட்டேன். நான்கு காய் நிறுத்தினேன். ஒன்றைப் பழ ஈ குத்தி வீணாக்கிவிட்டது. ஒன்று தொங்கவிட்ட இடத்திலேயே மெத்தென்று ஆகிவிட்டது. மிச்சம் இரண்டும் வைகாசியில் பறித்தேன். பூஞ்சை வந்தது, பயமாகத்தான் இருந்தது, துடைத்துத் துடைத்து விட்டேன். போன வாரம் ஒன்றைக் கையில் எடுத்து ஆட்டினேன், கடகடவென்று சத்தம். அடுப்படியில் இருந்த அம்மா அந்தச் சத்தத்துக்கே வெளியே வந்துவிட்டார்.

வாய் அறுத்து, சுரண்டி, குலுக்கிக் கழுவிக் கொடுத்தேன். அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்கம்மாவோடது இதைவிடப் பெரிசு. கழுத்தும் நேரா இருக்கும்" என்றார். உண்மைதான், இதன் கழுத்து கொஞ்சம் கோணல். ஆனால் மறுநாள் பார்த்தால் அவரே சாம்பலுக்கு எங்கேயோ சொல்லி வாங்கிவந்து பீர்க்கு விதையைப் புரட்டிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் காஸ் அடுப்பு, சாம்பலுக்கு இஸ்திரிக் கடைக்காரரிடம் போயிருக்கிறார்.

இரண்டாவது குடுக்கையை இன்னும் அறுக்கவில்லை. அண்ணன் மகன் நீச்சலுக்கு வேண்டும் என்கிறான். ஒன்றை வைத்துக்கொண்டு எப்படிக் கட்டுவது?

கிணத்துமேடு:

ரொம்பச் சந்தோசம் தம்பி. ஒன்றை வைத்துக்கொண்டு புதுசாகப் பழகுகிற பையனை இறக்காதீர்கள், ரெண்டு வேண்டும், அதுவும் ஓட்டை கீறல் இல்லாமல் முழுக்காயாக. தண்ணியில் அமுக்கிப் பாருங்கள், எங்காவது குமிழி வந்தால் அது புருடைக்கு ஆகாது. எது கட்டினாலும் நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருத்தர் தண்ணிக்குள்ளேயே நிற்க வேண்டும். அடுத்த தைக்கு இன்னும் ரெண்டு கொடி ஊன்றுங்கள், பையன் அதுவரை பொறுக்கட்டும்.

செடிப்பைத்தியம்:

கோணல் கழுத்துக்கு வாழ்த்துகள்! தரையிலோ பந்தல் கம்பிலோ முட்டிக்கொண்டு வளர்ந்திருக்கும், அடுத்த முறை அந்தரத்தில் தொங்குகிற காயாகப் பார்த்து நிறுத்துங்கள். விதை கொஞ்சம் அனுப்ப முடியுமா? தபால் செலவு என்னுடையது.

மாடித்தோட்டக்காரன்:

தாராளமாக அக்கா. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், பக்கத்து மொட்டைமாடியில் நீளச் சுரை ஓடிக்கொண்டிருந்தது. நான் ஒற்றிய பூக்களுக்கு நூல் கட்டி மூடவில்லை. வருகிற காய் கும்பமாக இருக்குமா, நீளமாக இருக்குமா என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. முதல் காயைச் சமைப்பதற்கு முன் ஒரு துண்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிடுங்கள். முகவரியைத் தனிச் செய்தியில் போடுங்கள்.